காட்டுக்குப் போன சாது

யாரையாவது பற்றி “அவர் சாது” என்று சொல்லும்போது, முன்னால் ஒரு “பாவம்” சேர்க்காமல் நமக்குச் சொல்லத் தெரிவதில்லை. “பாவம், சாது!” என்கிறோம். ஒருவர் சாதுவாக இருப்பது அவருக்கு வந்த வியாதி மாதிரியும், அதற்காக நாம் அனுதாபப்பட வேண்டியது போலவும் அல்லவா இருக்கிறது இந்தப் பேச்சு? கடைக்காரர் எடையைக் குறைத்தால் சாது சண்டை போட மாட்டார். பஸ்ஸில் முண்டியடித்து இடம் பிடிக்க மாட்டார். ஆபீஸில் உத்தியோக உயர்வு அவரைத் தாண்டிக்கொண்டு போய்விடும். ஆகையால் அவரால் உலகத்தில் ஒரு காரியமும் ஆகாது என்று முடிவு கட்டிவிடுகிறோம். போதாக்குறைக்கு ஒரு பழமொழியும் கையில் இருக்கிறது: சாது மிரண்டால் காடு கொள்ளாதாம். அதாவது, சாதுவுக்கு மதிப்பு வர வேண்டுமானால் அவர் ஒரு தடவையாவது மிரண்டு காட்ட வேண்டும்!

இந்த வாரம் உங்களுக்கு ஒரு சாதுவை அறிமுகப்படுத்தப் போகிறேன். அவர் மிரண்டு யாரும் பார்த்ததில்லை. ஆனால் காட்டுக்குப் போனார். ஒரு தடவை, இரண்டு தடவை அல்ல. வாழ்நாள் முழுவதும் போய்க்கொண்டே இருந்தார். கையில் துப்பாக்கி கிடையாது, வலை கிடையாது. ஒரு நோட்டுப் புத்தகம், பென்சில், ரப்பர், ஒரு பைனாகுலர் - இவ்வளவுதான். பொழுது விடிவதற்கு முன்பே போய் எங்கேயாவது ஒரு மரத்தடியில் உட்கார்ந்துகொண்டு, பறவைகள் பாடுவதைக் கேட்டு ஸ்வரப்படுத்தி எழுதிக்கொள்வார்.

அவர் பெயர் ஒலிவியே மெஸியான். பிரான்ஸ் தேசத்துக்காரர். 1908-ஆம் வருஷம் டிசம்பர் 10-ஆம் தேதி அவிஞான் நகரத்தில் பிறந்தார். 1992-ஆம் வருஷம் ஏப்ரல் 27-ஆம் தேதி காலமானார். இருபதாம் நூற்றாண்டு மேல்நாட்டுச் சங்கீதத்தின் மிகப் பெரிய கர்த்தாக்கள் என்று ஒரு பத்துப் பேரை எண்ணினால், அதில் அவர் பெயர் விட்டுப் போகாது.

“மேல்நாட்டுச் சங்கீதமா? அதற்கும் நமக்கும் என்ன சம்பந்தம்?” என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். சம்பந்தம் இருக்கிறது. எழுநூறு வருஷத்துச் சம்பந்தம்! சற்றுப் பொறுத்துக்கொண்டால் அதையும் சொல்லிவிடுகிறேன்.

* * *

மெஸியானின் தகப்பனார் ஷேக்ஸ்பியர் நாடகங்களைப் பிரெஞ்சில் மொழிபெயர்த்தவர். தாயார் செஸில் சோவாழ் ஒரு கவி. பிள்ளை வயிற்றில் இருக்கும்போதே அவனை நினைத்துக் கவிதைகள் எழுதிய தாயார் அவர். தாலாட்டு நம் பெண்களுக்குப் புதிதல்ல. ஆனால் குழந்தை பிறக்கும் வரையில் கூடக் காத்திராமல் பாட ஆரம்பித்துவிட்டார் இந்த அம்மாள்! பின்னாளில் தம் சங்கீதத்துக்கெல்லாம் அதுதான் வித்து என்று மகன் சொல்வதுண்டு.

முதல் உலக யுத்தத்தின்போது தகப்பனார் பட்டாளத்துக்குப் போய்விட்டார். தாயார் இரண்டு பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு கிரெனோபிள் என்ற ஊரில் வந்து இருந்தார். ஆல்ப்ஸ் மலை சூழ்ந்த ஊர் அது. அங்கேதான் பையன் தனக்குத் தானே பியானோ வாசிக்கக் கற்றுக்கொண்டான். பொம்மை நாடக மேடை ஒன்று செய்து, வர்ணக் காகிதங்களை ஒட்டி, தம்பிக்கு ஷேக்ஸ்பியர் நாடகங்களை நடத்திக் காட்டினான். கிறிஸ்துமஸ் பண்டிகைக்கு மற்றப் பிள்ளைகள் விளையாட்டுச் சாமான் கேட்டால், இவன் சங்கீத ஸ்வரப் புத்தகம் கேட்பானாம். அப்போதே மலைகளின் மீது ஏற்பட்ட ஆசை கடைசி வரை போகவில்லை. 1930களில் அதே பிரதேசத்தில், பெத்திஷே என்னும் சின்ன ஊரில், ஏரிக்கரையோரமாக ஒரு எளிய வீடு வைத்துக்கொண்டார். கோடை வந்தால் பாரிஸை விட்டு அங்கே போய்விடுவார். அவருடைய கிருதிகளில் பெரும்பாலானவை அந்த மலை வீட்டில் எழுதப்பட்டவைதான்.

பதினோராம் வயதில் பாரிஸ் சங்கீதக் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே போல் தூக்கா என்ற ஆசிரியர் தம் மாணாக்கர்களிடம் ஒரு விஷயம் சொல்வது வழக்கம்: பறவைகளைக் கவனித்துக் கேளுங்கள், அவை பெரிய வித்வான்கள் என்று. ஆசிரியர்கள் இப்படி எத்தனையோ சொல்வார்கள்; மாணவர்கள் தலையை ஆட்டிவிட்டு மறந்துவிடுவார்கள். இந்த மாணவர் மறக்கவில்லை. ஆசிரியர் சொன்னதை அப்படியே நம்பிவிட்டார். சாதுக்களிடம் உள்ள சௌகரியம் அது!

1931-இல், இருபத்திரண்டு வயதில், பாரிஸில் திரினித்தே என்ற பெரிய மாதா கோயிலில் ஆர்கன் வாசிக்கும் உத்தியோகம் கிடைத்தது. காலமாகும் வரையில் - அறுபது வருஷத்துக்கு மேலாக - அதே உத்தியோகத்தில் இருந்தார். அவருடைய புது மாதிரிச் சங்கீதத்தைக் கேட்டுவிட்டுக் கோயிலுக்கு வருகிறவர்களில் சிலர் முகம் சுளித்தார்கள். புகார் கூடச் சொன்னார்கள். மெஸியான் என்ன செய்தார் தெரியுமா? ஞாயிற்றுக்கிழமைப் பூஜைகளைப் பங்கு பிரித்துக்கொண்டார். ஒரு பூஜைக்குப் பழைய முறைப்படியான வாசிப்பு. இன்னொன்றுக்குப் பெரியவர்களின் கிருதிகள். நடுப்பகல் பூஜைக்கு மட்டும் தம் சொந்தக் கிருதிகள். பிடித்தவர்கள் அப்போது வந்து கேட்கலாம். பிடிக்காதவர்கள் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போகலாம். சண்டையும் இல்லை, தாம் எழுதியதில் ஒரு ஸ்வரத்தை மாற்றவும் இல்லை.

* * *

1939-இல் இரண்டாவது உலக யுத்தம் மூண்டது. மெஸியானையும் பட்டாளத்தில் சேர்த்துக்கொண்டார்கள். கண் பார்வை குறைவாக இருந்தபடியால் துப்பாக்கி கொடுக்கவில்லை. காயம்பட்டவர்களைக் கவனிக்கும் வைத்தியப் பகுதியில் வேலை கொடுத்தார்கள். வெர்தன் கோட்டையில் இருந்தபோது, எத்தியேன் பாஸ்கியே என்ற செல்லோ வித்வானும் அங்கே சிப்பாயாக இருந்தார். இரவுக் காவல் முறை போடும் பொறுப்பு பாஸ்கியேயினுடையது. எந்தச் சிப்பாயும் விரும்பாத முறை எது? விடியற்காலை முறைதான். மெஸியான் அதையே கேட்டு வாங்கிக்கொண்டார். எதிரி வருகிறானா என்று பார்க்க வேண்டிய நேரத்தில், இருட்டில் முதல் பறவை “கீச்” என்பதிலிருந்து எல்லாப் பறவைகளும் சேர்ந்து கச்சேரி தொடங்குவது வரையில் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

1940 ஜூனில் பிரான்ஸ் விழுந்தது. நான்ஸி நகரத்தருகே மெஸியானும் பாஸ்கியேயும் ஆன்ரி அகோகா என்ற கிளாரினெட் வித்வானும் ஜெர்மானியர் கையில் சிக்கினார்கள். ஆயிரக்கணக்கான கைதிகளை ஒரு திறந்த வெளியில் அடைத்துப் போட்டிருந்தார்கள். சோற்றுக்கும் தண்ணீருக்கும் திண்டாட்டம். அந்த இடத்தில் மெஸியான் தாம் எழுதிய ஒரு கிருதியை அகோகாவிடம் நீட்டினார். பறவைகளைப் பற்றியது, கிளாரினெட் மட்டும் தனியாக வாசிக்க வேண்டியது. அகோகா எப்படியோ தம் வாத்தியத்தைக் காப்பாற்றி வைத்திருந்தார். காகிதத்தை வைக்க மேஜை ஏது? பாஸ்கியே நின்று கையில் பிடித்துக்கொண்டார். “இது என்னால் வாசிக்க முடிகிற காரியமா!” என்று அகோகா முணுமுணுத்தார். “முடியும், முடியும், பாருங்கள்” என்று மெஸியான் தைரியம் சொன்னார். முள்வேலிக்குள்ளே, தோற்றுப் போன ஒரு பட்டாளத்தின் நடுவிலே, ஒரு பறவை பாட ஆரம்பித்தது.

பிறகு ரயிலில் ஏற்றி, ஜெர்மனியின் கிழக்கெல்லையில் உள்ள கோர்லிட்ஸ் நகரத்துச் சிறை முகாமுக்குக் கொண்டு போனார்கள். குளிர், பசி, இவற்றைப் பற்றி விவரிக்க வேண்டியதில்லை. அங்கே பிரெஞ்சு தெரிந்த ஜெர்மானிய அதிகாரி ஒருவர் இருந்தார், பெயர் ப்ரூல். யுத்தத்துக்கு முன்னால் அவர் வக்கீல். அவர் மெஸியானுக்கு ஸ்வரம் எழுதும் தாளும் பென்சிலும் ரப்பரும் கொண்டுவந்து கொடுத்தார். தொந்தரவில்லாமல் உட்கார்ந்து எழுத இடமும் செய்து கொடுத்தார். பகைவர் கூட்டத்திலும் ஒரு மனிதர் இருக்கத்தான் செய்கிறார்.

மெஸியான் அங்கே எழுதி முடித்ததுதான் “காலத்தின் முடிவுக்கான நால்வர் கிருதி”. இனிமேல் காலம் என்பதே இராது என்று தேவதூதன் அறிவிப்பதாகக் கிறிஸ்தவ வேதத்தின் கடைசிப் பகுதியில் வருகிறது. அதை வைத்து எழுதியது. ஏன் இந்த நான்கு வாத்தியங்கள் என்றால், முகாமில் இருந்த வித்வான்கள் அந்த நால்வர்தான்: கிளாரினெட் அகோகா, செல்லோ பாஸ்கியே, வயலின் லெ பூலேர், பியானோ மெஸியான். பியானோவோ ஸ்ருதி கெட்டது. சில கட்டைகளை அழுத்தினால் எழுந்திருக்கவே எழுந்திருக்காது. 1941 ஜனவரி 15-ஆம் தேதி மாலை, வெளியே பனி கொட்டிக் கிடக்க, ஒரு மரக் கொட்டகையில் அரங்கேற்றம் நடந்தது. ஜெர்மானிய அதிகாரிகள் முன் வரிசையில் இருந்தார்கள். பின்னால் பல தேசத்துக் கைதிகள். அவர்களில் அநேகம் பேருக்கு இந்த மாதிரிச் சங்கீதம் வாழ்க்கையிலே முதல் தடவை.

அன்றைக்குக் கேட்டவர்கள் ஐயாயிரம் பேர் என்றும், செல்லோவில் மூன்றே தந்திகள்தான் இருந்தன என்றும் மெஸியான் பிற்பாடு சொல்வதுண்டு. கொட்டகையில் சில நூறு பேருக்கு மேல் இடம் கிடையாது. செல்லோவுக்கு நான்கு தந்தியும் சரியாக இருந்தது என்று வாசித்த பாஸ்கியேயே சொல்லிவிட்டார். போகட்டும், சாதுக்களும் கொஞ்சம் உயர்வு நவிற்சி செய்வார்கள் போலிருக்கிறது! ஆனால் அவர் சொன்ன இன்னொன்றை யாரும் மறுக்கவில்லை. அவ்வளவு ஊன்றி, அவ்வளவு புரிந்துகொண்டு தம் சங்கீதத்தை வேறு எந்தச் சபையும் கேட்டதில்லை என்றார் அவர்.

* * *

இப்போது நமக்குள்ள சம்பந்தத்துக்கு வருகிறேன்.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் தேவகிரியில் யாதவ அரசர்கள் ஆண்டார்கள். பிற்காலத்தில் தௌலதாபாத் என்று பெயர் பெற்ற ஊர் அதுதான். அந்த அரண்மனையில் கணக்கு உத்தியோகம் பார்த்தவர் சார்ங்கதேவர். காச்மீரத்திலிருந்து வந்த குடும்பம். கணக்கு எழுதிய கையால் தாளக் கணக்கும் எழுதினார். அவருடைய “சங்கீத ரத்னாகரம்” இன்றைக்கும் நம் வித்வான்கள் தலைமேல் வைத்துக் கொண்டாடும் கிரந்தம். அதில் தேசி தாளங்கள் என்று நூற்றிருபது தாளங்களை விவரித்திருக்கிறார்.

பிரெஞ்சுப் பாஷையில் வெளியான ஒரு பெரிய சங்கீதக் கலைக்களஞ்சியத்தில் அந்த நூற்றிருபது தாளங்களின் பட்டியல் இருந்தது. எத்தனையோ பேர் அந்தப் பக்கத்தைப் புரட்டிக்கொண்டு போயிருப்பார்கள். இளம் வயதில் மெஸியான் அதைக் கண்டார், நின்றுவிட்டார். ஒவ்வொரு தாளமாக எடுத்துக்கொண்டு, அதன் அங்கங்கள் எப்படிக் கூடுகின்றன, எப்படிக் குறைகின்றன என்று உட்கார்ந்து படித்தார். 1944-இல் தம் சங்கீத முறையைப் பற்றி அவர் எழுதி வெளியிட்ட நூலில் சார்ங்கதேவரின் பெயரை மரியாதையுடன் குறிப்பிட்டிருக்கிறார்.

கோர்லிட்ஸ் முகாமில் அரங்கேறிய கிருதியின் முதல் பகுதியைக் கவனியுங்கள். விடியற்காலை மூன்று மணிக்கும் நாலு மணிக்கும் இடையில் பறவைகள் விழிக்கும் நேரம் அது. கிளாரினெட்டும் வயலினும் பறவைகளாகப் பாடுகின்றன. அடியில் பியானோ ஒரு தாள வரிசையைத் திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டு போகிறது. அந்த வரிசை எது தெரியுமா? ராகவர்த்தனம், சந்திரகலா, லக்ஷ்மீசம் என்று சார்ங்கதேவர் சொன்ன மூன்று தேசி தாளங்களைக் கோத்தது! தேவகிரிக் கணக்கர் எழுதி வைத்த தாளம், எழுநூறு வருஷம் கழித்து, ஹிட்லருடைய சிறைக் கொட்டகையில் நடுங்கும் விரல்களால் வாசிக்கப்பட்டது என்றால், அதை எண்ணும்போது நமக்கு மெய் சிலிர்க்கிறது அல்லவா?

1949-இல் அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்தில் அரங்கேறிய அவருடைய பெரிய சிம்பொனிக்கு “துரங்கலீலா” என்று சம்ஸ்கிருதப் பெயரே வைத்தார்.

* * *

சிறையிலிருந்து 1941-இல் விடுதலையாகிப் பாரிஸ் கல்லூரியில் ஆசிரியரானார். 1978 வரையில் சொல்லிக் கொடுத்தார். இங்கேதான் அவருடைய சாதுத்தன்மைக்கு உண்மையான பரீட்சை வந்தது. யுத்தம் முடிந்த சமயம் பத்திரிகை விமர்சகர்கள் அவர் மேல் பாய்ந்து பிடுங்கினார்கள். அவருடைய மாணவர்களிலேயே பெரிய சூரர் பியேர் பூலெஸ். மகா மேதை, மகா முன்கோபி. “துரங்கலீலா”வை அவர் இழிவுபடுத்திச் சொன்ன வார்த்தையை ஒரு குடும்பப் பத்திரிகையில் அச்சுப் போட முடியாது. வேறு ஆசிரியராக இருந்தால் அந்த மாணவனை வாழ்நாள் முழுவதும் தலையெடுக்க விட்டிருப்பாரா? மெஸியான் மனம் நொந்தார்; ஆனால் உறவை அறுக்கவில்லை. சில வருஷங்கள் கழித்து, 1956-இல், மெஸியானின் புதிய கிருதி ஒன்று பூலெஸ் நடத்திய கச்சேரி வரிசையிலேயே அரங்கேறியது. பின்னால் குருவின் கிருதிகளை உலகமெங்கும் நடத்தி வைத்தவர்களில் அந்தச் சிஷ்யர் முதல் வரிசையில் நின்றார்.

இன்னொருவர் யானிஸ் செனாகிஸ். கிரேக்க நாட்டிலிருந்து தப்பி ஓடி வந்த அகதி. யுத்தத்தில் ஒரு கண்ணை இழந்தவர். நம் சண்டிகர் நகரத்தை வகுத்துக் கொடுத்த லெ கார்பூஸியேயின் காரியாலயத்தில் இஞ்சினீயராக வேலை பார்த்துக்கொண்டே சங்கீதம் கற்க ஆசைப்பட்டார். போன இடத்திலெல்லாம், “அடிப்படை போதாது, முதலிலிருந்து ஆரம்பி” என்றார்கள். கடைசியில் மெஸியானிடம் வந்து, முதல் பாடத்திலிருந்து கற்க வேண்டுமா என்று கேட்டார். மெஸியான் அவருடைய எழுத்தைப் பார்த்தார். அவர் கதையைக் கேட்டார். வேண்டாம் என்று சொல்லிவிட்டார். உங்களுக்கு முப்பது வயதாகப் போகிறது. நீங்கள் கிரேக்கர், கட்டடக் கலை தெரிந்தவர், கணிதம் படித்தவர். அவற்றையே உங்கள் சங்கீதத்தில் போடுங்கள் என்றார். செனாகிஸ் அப்படியே செய்து பெரும் புகழ் பெற்றார்.

பறவைக்குக் காது கொடுத்த மாதிரியே அவர் மனிதர்களுக்கும் காது கொடுத்தார். மைனாவைக் குயில் மாதிரி பாடு என்று யாராவது சொல்வார்களா? மாணவர்களையும் அவர் தம்மைப் போலப் பாடச் சொல்லவில்லை.

வீட்டிலே அவருக்கு இருந்த துக்கம் வெளியில் அதிகம் தெரியாது. 1932-இல் அவர் மணந்த கிளேர் டெல்போஸ் நல்ல வயலின் வித்வாம்சினி. மனைவியைச் செல்லமாக “மி” என்று அழைப்பார். வயலினின் உச்சத் தந்திக்கு மேல்நாட்டு ஸ்வரப் பெயர் அது. அந்தப் பெயராலேயே அவருக்காகப் பாட்டுகள் இயற்றினார். 1940களின் கடைசியில், ஓர் ஆபரேஷனுக்குப் பிறகு, அந்த அம்மாளுக்கு ஞாபக சக்தி போய்விட்டது. மருத்துவ விடுதியில் வைத்துப் பார்க்க வேண்டியதாயிற்று. 1959-இல் காலமாகும் வரையில் குணமாகவில்லை. மகன் பாஸ்கால் சிறுவன். பகலில் கல்லூரி, ஞாயிற்றுக்கிழமை கோயில், நடுவில் பிள்ளையை வளர்க்கும் பொறுப்பு, விடுதிக்குப் போனால் கணவரை அடையாளம் தெரியாத மனைவி.

அந்த வருஷங்களில்தான் அவர் பறவைகளிடம் முழுமூச்சாகப் போனார் என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும்.

* * *

1952-இல் ழாக் தெலமான் என்ற பறவை நிபுணரைத் தேடிக்கொண்டு ஷாரான்த் பிரதேசத்துக்குப் போனார். அதுவரையில் பாட்டுத் தெரியும். பாடுகிறது யார் என்று நிச்சயமாகச் சொல்லத் தெரியாது. நாற்பத்து மூன்று வயது ஆசிரியர், உலகப் புகழ் பெற்றவர், பள்ளிப் பையனைப் போல நோட்டுப் புத்தகத்துடன் உட்கார்ந்துகொண்டு, குரலைக் கேட்டுப் பறவையின் பெயர் சொல்லப் பழகினார்.

பறவை பாடுவதை ஸ்வரப்படுத்துவது லேசான வேலை என்று நினைத்துவிடாதீர்கள். நம் கை ஓட முடியாத துரிதத்தில் அவை பாடுகின்றன. வாத்தியங்கள் எட்ட முடியாத மேல் ஸ்தாயியில் பாடுகின்றன. ஸ்வரத்துக்கும் ஸ்வரத்துக்கும் நடுவிலே உள்ள இடைவெளியோ நூலிழை. ஸ்ருதி நுட்பம் தெரிந்த நம் ரசிகர்களுக்கு இந்தக் கஷ்டம் சட்டென்று புரியும். மெஸியான் காலத்தை விளம்பப்படுத்தி, ஸ்தாயியை இறக்கி, இடைவெளியைப் பெரிதாக்கி, பியானோவில் கொண்டுவந்தார். அப்படி எழுதிய நோட்டுப் புத்தகங்கள் ஏறக்குறைய இருநூறு!

1953-இல் “பறவைகள் விழித்தெழுதல்” என்ற கிருதி வந்தது. நடுநிசியிலிருந்து நண்பகல் வரையில் ஒரு வசந்த கால நாள். அதை யாருக்குச் சமர்ப்பணம் செய்தார் என்பதுதான் வேடிக்கை: காலஞ்சென்ற தெலமானுக்கு, பியானோ வாசிக்கும் இவான் லோரியோவுக்கு, அப்புறம் கரும்பறவைகளுக்கு, நைட்டிங்கேல்களுக்கு, மாங்குயில்களுக்கு, காட்டிலுள்ள மற்றப் பறவைகள் எல்லாவற்றுக்கும்! பிரெஞ்சில் மாங்குயிலுக்கு “லோரியோ” என்று பெயர். அவருடைய மாணவியாக வந்து, அவர் எழுதியதையெல்லாம் மேடையில் வாசித்துக் காட்டிய அந்தப் பெண்மணியின் பெயரும் காதுக்கு அதேதான். 1961-இல் அவரை மணந்துகொண்டார். அதன் பிறகு காட்டுக்குப் போகும்போது கூடவே டேப் ரிக்கார்டரைத் தூக்கிக்கொண்டு லோரியோ அம்மாளும் போவது வழக்கமாயிற்று.

1956-இல் எழுதிய “அயல்நாட்டுப் பறவைகள்” என்ற கிருதியில் நம் மலை மைனாவும் சோலைபாடியும் கூட வருகின்றன. தாள வாத்தியங்களுக்குச் சார்ங்கதேவரின் தாளங்களைக் கொடுத்தார். பிறகு “பறவைகளின் அட்டவணை” என்று பதின்மூன்று பியானோ கிருதிகள். முழுவதும் வாசிக்க இரண்டரை மணிக்கு மேல் ஆகும். ஒவ்வொரு பறவையும் தன் ஊரோடு வருகிறது. பாறை, கடல், நாணல், பொழுது புலர்கிற வர்ணம் எல்லாம் சேர்ந்து வருகின்றன. ஒரு கிருதியில் நாணல் புதரில் வாழும் சின்னஞ்சிறு பறவையை வைத்துக்கொண்டு, ஒரு குளக்கரையில் இருபத்தேழு மணி நேரம் நடப்பதை அரை மணிக்குள் சொல்லிவிடுகிறார்.

ஒலியைக் கேட்டால் அவருக்கு மனக்கண்ணில் வர்ணங்கள் தெரியும். 1972-இல் அமெரிக்காவில் யூட்டா மாகாணத்துப் பிரைஸ் பள்ளத்தாக்குக்குப் போய், அங்குள்ள செந்நிறப் பாறைகளின் நடுவே நடந்து, பறவைக் குரல்களை எழுதிக்கொண்டு வந்து பெரிய கிருதி ஒன்று செய்தார். 1978-இல் அந்தப் பக்கத்து ஜனங்கள் தங்கள் ஊர் மலை ஒன்றுக்கு அவர் பெயரையே வைத்துவிட்டார்கள். பறவைகளுக்குப் பிரசங்கம் செய்த புனித பிரான்ஸிஸ் என்ற மகானைப் பற்றி நாலு மணி நேர இசை நாடகம் எழுதினார். 1983-இல் பாரிஸில் அரங்கேறியது. அதற்காகவே எழுபது வயதை நெருங்கும் பருவத்தில் பசிபிக் சமுத்திரத்திலுள்ள நியூ கலிடோனியா தீவுக்குப் போய், அந்தத் தீவின் பறவைகளைக் கேட்டுவிட்டு வந்தார்.

* * *

இவ்வளவு கேட்டதனால் என்ன லாபம் என்று கேட்கலாம். ஒரு விஷயம் சொல்கிறேன். மெஸியான் போய் உட்கார்ந்திருந்த காலத்தில் ஐரோப்பாவின் வயல்வெளிகளில் வானம்பாடி சர்வ சாதாரணம். அதற்குப் பிறகு வந்த விவசாய முறைகளாலும் பூச்சி மருந்துகளாலும் அநேக இடங்களில் அது அருகிவிட்டது. ஒரு குளக்கரையில், இன்ன மாதத்தில், இன்ன நேரத்தில், யார் யார் பாடினார்கள் என்று ஒரு மனிதர் பென்சிலால் எழுதி வைத்த குறிப்பு, இன்றைக்கு வெறும் சங்கீதக் குறிப்பு மட்டுமா? அப்படியும் ஒரு விடியற்காலை இருந்தது என்பதற்குச் சாட்சி அல்லவா?

ஊரெல்லாம் கத்துகிற காலத்தில் சும்மா இருக்கிறவரைக் கோழை என்கிறோம். ஆனால் மெஸியான் சும்மா இருக்கவில்லை, கேட்டுக்கொண்டிருந்தார். பசித்த கைதிகள் நடுவில் இருந்து கேட்டார். வசவு சொன்ன சிஷ்யனையும் கேட்டார். நினைவிழந்த மனைவியின் படுக்கையருகே உட்கார்ந்திருந்துவிட்டு, மறுநாள் மறுபடியும் போய்க் கேட்டார். சத்தம் போடுவதற்கு ஒரு நாளைய ஆத்திரம் போதும். அறுபது வருஷம் கேட்பதற்கு எத்தனை மனோதிடம் வேண்டும்!

அவர் ஆசைப்பட்ட மலை நாட்டிலேயே, பெத்திஷே ஊருக்கு அருகில், அவரை அடக்கம் செய்திருக்கிறார்கள். சமாதிக் கல்லைப் பறவை வடிவத்தில் செதுக்கியிருக்கிறார்கள். 2010-இல் காலமான லோரியோ அம்மாளும் அங்கேயே இருக்கிறார்.

நாம் பிரான்ஸ் வரையில் போக வேண்டியதில்லை. மெஸியானுக்குப் பிரியமான கரும்பறவையின் நெருங்கிய தாயாதி ஒன்று நம் நீலகிரிச் சோலைகளில் பாடிக்கொண்டிருக்கிறது. சோலைபாடிக்கு ஒன்றுவிட்ட சகோதரனான வண்ணாத்திக் குருவி, உங்கள் வீட்டுக் கொல்லை முருங்கை மரத்திலேயே இருக்கக்கூடும். நாளைக் காலையில் காப்பி கலப்பதற்கு முன், ரேடியோவைத் திருப்புவதற்கு முன், ஐந்து நிமிஷம் கொல்லைக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நில்லுங்கள். முதலில் யார் ஆரம்பிக்கிறார், பின்பாட்டு யார் என்று கவனியுங்கள். வீட்டில் யாராவது பார்த்துவிட்டு, “பாவம், இவருக்கு என்ன ஆயிற்று?” என்று கேட்டால், பதில் சொல்ல வேண்டாம். அவர்களையும் பக்கத்தில் வந்து நிற்கச் சொல்லுங்கள்.